டேட்டா கேட்ட ஒப்பு

நாகர்கோவிலில் நடுரோட்டில் நின்று செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, டேட்டாவின் கேள்விக்குத் தப்பி வீடு போய்ச் சேர்ந்த மனுசர் ஒருத்தர்கூடக் கிடையாது. அப்படி யாராவது தப்பியிருந்தால், அன்றைக்கு அவள் காய்ச்சலில் படுத்திருப்பாள்.

டேட்டா என்பது எங்கள் ஹாஸ்டல் அவளுக்கு வைத்த பேர். வடசேரியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் அது. நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் குலசேகரத்துக்காரி, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். செல்போனும் ஆப்பும் வந்த பிறகு நகர வாழ்க்கை என்ன ஆயிற்று என்று பி.எச்.டி. பண்ணிக்கொண்டிருந்தாள், உதவித்தொகையோடு. நகரம் என்றால் சென்னையை எடுக்கலாமே என்று அவளுடைய கைடு கேட்டாராம். நம்ம ஊருக்கும்தான் மாநகராட்சி என்று போர்டு வைத்தாயிற்றே, பின்னே என்ன சார் என்று அடித்துச் சொல்லிவிட்டாளாம்.

முதல் பலி அவளோடு ஒரே அறையில் இருந்த நான். காலையில் கண்ணைத் திறந்தால் கட்டிலோரம் நோட்டோடு நிற்பாள்.

"ஏட்டி, முழிச்ச ஒடனே மொதல்ல எதைப் பாத்த?"

"ஒனக்க மூஞ்சியத்தான். வேற எதையாவது பாக்க விடுதியா?"

அதையும் எழுதிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் எத்தனை பேர் போனைப் பார்க்கிறார்கள் என்று எண்ணப் போனாள். எண்ணுகிற மும்முரத்தில் அவளுடைய பஸ் மூன்று போய்விட்டது. சந்தேகப்பட்டு விசாரிக்க வந்த போலீஸ்காரரை உட்காரவைத்து இவள் விசாரித்தாள். மனுசர் தன் மாமியாரை பிளாக் பண்ணியது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இன்னொரு நாள் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற ஒருவரின் பின்னாலேயே ஸ்கூட்டியை விட்டாள். அவர் எந்தச் சந்தில் திரும்புகிறார், மேப்பை நம்புகிறாரா, ஆட்களிடம் வழி கேட்கிறாரா என்று பார்க்கவாம். அவரோ ஏதோ வம்பு என்று பயந்து முறுக்கினார், இவளும் முறுக்கினாள். பார்வதிபுரத்தில் மூச்சு வாங்க வண்டியை நிறுத்தி, "மேடம், பிரியாணிய வேணும்னா நீங்களே வச்சுக்கிடுங்க, என்னைய விட்டுருங்க" என்று பார்சலை நீட்டியிருக்கிறார். இவள் அவரைச் சமாதானப்படுத்தி, கூடவே போய் பார்சலைக் கொடுத்து, அந்த வீட்டுக்காரர்களையும் பேட்டி எடுத்துவிட்டு வந்தாள்.

இப்படி நான் போக நாற்பது பேர் வண்டி வண்டியாகப் பேசியிருந்தார்கள். வந்ததே வினை. ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கமிட்டியில் அதைக் காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று கைடு சொல்லிவிட்டார். நின்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் ஜில்லாவில் உயிரைக் கேளுங்கள், தருவோம். ஒப்பு கேட்காதீர்கள். கையெழுத்துக்கு இங்கே அதுதான் பேர். எவனோ நீட்டிய காகிதத்தில் தாத்தா ஒப்புப் போட்டு, தென்னந்தோப்பு கைவிட்டுப் போன கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும். மாமியார் கதையைச் சொன்ன போலீஸ்காரரே படிவத்தைப் பார்த்ததும் டியூட்டி இருக்கு என்று நழுவிவிட்டார். நாற்பது படிவமும் போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்தன. டேட்டா இரண்டு நாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காலையில் கண்ணைத் திறந்தால் கட்டிலோரம் ஆள் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற ரெஜினா அக்காவும் அந்த நாற்பதில் ஒருத்தி. குளச்சலில் ஏலம் முடிந்ததும், சாளை இருக்கு, நெத்திலி இருக்கு என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் குரலைப் பதிந்து போடுவாள். வேண்டியவர்கள் குரலிலேயே சொல்லிவிட்டால் மீன் வாசலுக்கு வந்துவிடும். புதன்கிழமை டேட்டாவிடம் வந்து, மீன் வேண்டாமா என்று கேட்டவள், முகத்தைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மக்கா, ஒப்பு மட்டும் கேக்காத. கொரலு தாறேன். எனக்க யாவாரமே கொரலுலதான நடக்கு? இன்னைக்கு வரைக்கும் ஒருத்தி சொன்ன சொல்லு மாறல்ல."

டேட்டா துள்ளி எழுந்து, முதலில் நோட்டைத்தான் தேடினாள்.

ஒப்பு வேண்டாம், குரல் போதும் என்று நாற்பது பேருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட, மறுநாள் மத்தியானத்துக்குள் குரல்கள் வந்து குவிந்தன. குக்கர் விசிலுக்கு நடுவே ஒரு சம்மதம். நேற்றைய அயலை மீன் சொதசொதவென்று இருந்தது என்று ரெஜினா அக்காவைத் திட்டிவிட்டு ஒரு சம்மதம். பெயரைச் சொல்லமாட்டேன், சம்மதம் மட்டும் சொல்வேன் என்று போலீஸ்காரர்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் போய் கமிட்டி அறை வாசலில் நின்றேன். உள்ளே குரல்கள் ஒவ்வொன்றாக ஓடின. அயலைத் திட்டு வந்ததும் சிரிப்புச் சத்தம். வாய்ச் சம்மதமும் பதிவாகியிருந்தால் செல்லும் என்று கைடு எடுத்துச் சொல்ல, கமிட்டி உதவித்தொகையை நீட்டித்துவிட்டது.

வெளியே வந்தவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"ஏட்டி, ஒனக்க பேச்சே ஒரு நோட்டு நெறைய இருக்கு. நீ மட்டும் இன்னும் சம்மதம் தரல்ல, கேட்டியா."

நானும் குரலே தந்திருக்கலாம். எங்கள் வீட்டிலும் தோப்பு போன கதை உண்டு. ஆனாலும் பேனாவை வாங்கினேன். அந்த ஆராய்ச்சியிலேயே காகிதத்தில் ஒப்புப் போட்ட ஒரே ஆள் நான்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.