தசராவில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா

புதுத்துணி உடம்பில் ஏறிவிட்டால் நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. அது கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியாக இருந்தாலும், கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தாலும்!

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் சபையில் அந்த வருடத் தாத்தா நான்தான். சாத்தான்குளம் பஜாரில் தையல்காரரிடம் அங்கியைப் போட்டுப் பார்த்தேன். கழற்ற மனம் வரவில்லை. வீடு அடுத்த தெருதானே என்று பஞ்சுத் தாடியோடு நடந்தேன். (வெயிலில் தாடி அரித்த அரிப்பு இருக்கிறதே!)

திருப்பத்தில் மேளச்சத்தம். நேர்ச்சைக்காகச் சாமி வேடம் கட்டி வீடு வீடாகப் போகும் பக்தர் கூட்டம்; எங்கள் பக்கம் தசரா செட்டு என்போம். காளி வேடக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏலே, நீ எந்த ஊரு செட்டு? வேசம் புதுசா இருக்கே!”

பதில் சொல்வதற்குள் கூட்டம் என்னையும் இழுத்துக்கொண்டது. ஒரு வீட்டு வாசலிலிருந்து கைக்குழந்தையோடு ஓடிவந்த பெண் நேரே என் முன்னால் நின்றாள்.

“சாமி, பிள்ளைக்குக் காச்சல் விட்டு விட்டு வருது. மருந்து குடுத்துட்டுதான் இருக்கோம். நீங்களும் தலையில கை வைங்க.”

“யக்கா, நான் வேதக்காரன். கிறிஸ்தவன்க்கா...”

“யாரா இருந்தா என்ன? வேசம் கட்டியாச்சுல்லா. பிள்ளைய வெறுங்கையா அனுப்பாதீய.”

அவள் கண் கலங்கியிருந்தது. கைவைத்தேன். தலை கொதித்தது. எனக்குத் தெரிந்தது ஜெபம் ஒன்றுதான். கண்ணை மூடி, உள்ளபடியே உருகி ஜெபித்தேன். திறந்தால் மேளம் நின்றிருந்தது. எனக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றது. வரிசைக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்தபடி எங்கள் ஐயர்! (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.) தாடிக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ஐயர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஜெபம் நல்லாத்தாம்ல இருந்துது. ஆமென் சொல்ல மறந்துட்ட.”

காய்ச்சல் விட்டது. மருந்துதான் காரணம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அந்த அக்கா கேட்கவில்லை. என்னைக் கண்டால் ‘தாத்தா’ என்று கூப்பிட மகனைப் பழக்கிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பேசி, பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள். தலைசீவி, பவுடர் பூசி, அடக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொடியன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

“தாத்தா!”

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனாலும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் என் மாமனார் இன்றுவரை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார்: “மாப்ள, இப்பமாவது சொல்லுங்க. உங்களுக்கு நெசமா என்ன வயசு?”