விசில் ரீச்சர் வாகனம் பார்த்த படலம்

திருகோணமலையில் கடலுக்குப் பயப்படாத ஆட்கள் இருக்கிறார்கள். பொலிசுக்குப் பயப்படாத ஆட்களும் இருக்கிறார்கள். விசில் ரீச்சருக்குப் பயப்படாத ஓர் ஆளை மட்டும், நான் அங்கே இருந்த காலம் முழுக்கத் தேடியும் கண்டதில்லை. பஸ் நிலையத்தடியில் வீதியை மறித்துப் படுத்துக்கிடக்கும் மான்கள் லொறிக்காரனின் ஹோர்னுக்குக் காதைக்கூட ஆட்டாது. ரீச்சர் ஒருமுறை விசில் அடித்தபோது அவை எழுந்து வரிசையாகக் கோட்டைப் பக்கம் நடந்துபோனதை என் கண்ணால் கண்டேன். ‘வரிசையாக’ என்பதில் மட்டும் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பென்சன் எடுத்த அன்று அலுமாரிச் சாவி, பந்துகள், வலைகள் எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டார். அன்புவழிபுரத்தில் அவருடைய வீட்டோடு ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பட்டினத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் உத்தியோகம். விடியற்காலையில் என்னை எழுப்பியது கடிகாரம் இல்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஃபாதர் பிரசங்கத்தை முடிக்க வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கடைசி வாங்கிலிருந்து ஒரு நீட்டு விசில். ஃபாதர் அந்த வசனத்தின் நடுவிலேயே ‘ஆமென்’ என்றார். பிறகு வாசலில் வைத்து, “என்ன ரீச்சர் இது?” என்று அவர் கேட்க, “பழக்கதோஷம் ஃபாதர். நேரம் முடிஞ்சால் கை தானாப் போகும்” என்றார் ரீச்சர். அடுத்த கிழமையிலிருந்து பிரசங்கம் சுருங்கியது. பூசைக்கு வரும் சனம் கூடியது.

இப்படிப்பட்டவர் பென்சன் எடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார் என்று கனடாவிலிருந்த அவருடைய அண்ணர் நம்பியதுதான் பிழை. ரீச்சர் கந்தளாய்க்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரியாக வந்தார்.

கந்தளாயில் கடல் இல்லை, குளம்தான். அங்கே ஒரு நெல்லு மில்காரரின் தம்பி, குளத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மில் கொட்டிலுக்குள் ஒரு ஃபைபர் வள்ளம் கட்டியிருக்கிறார். மேல்தட்டு, நிழல் கூரை, இரட்டை எஞ்சின் என்று ஆசை வளர வளர வள்ளமும் வளர்ந்து, குளத்துக்குப் பொருந்தாத பருமனுக்கு வந்துவிட்டது. அனுமதி கிடைக்கவில்லை. தம்பியார் வெளிநாடு போய்விட்டார். வள்ளம் நாலு சில்லு ட்ரெய்லரில் ஏறியபடி மில்லுக்குள் குந்தியிருந்தது.

“தம்பி, இதில வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டுபோய்த் திமிங்கிலம் காட்டப் போறன்” என்று ரீச்சர் என்னிடம் அறிவித்தார்.

“வள்ளம் கந்தளாயில நிக்குது ரீச்சர். திமிங்கிலம் அங்க வராதே.”

“அதுக்குத்தான் வாகனம் பாக்கப் போறம்.”

‘போறம்’ என்ற பன்மையில் நானும் அடங்கியிருப்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு பெரிய லொறியை ஒரு நாளைக்குப் பிடித்தால் போதாதா என்று கேட்டேன். “மாரிக்கு மாரி வள்ளத்தைக் கரையில ஏத்தோணும். கோடைக்கு இறக்கோணும். ஒவ்வொருமுறையும் ஆரின்ர படலையில போய் நிக்கிறது? எனக்கெண்டு ஒரு வாகனம் வேணும்” என்றார். நியாயம்தான்.

ஆனால் ஆறுதலாகப் பார்க்க நேரமில்லை. அறுவடை தொடங்கியிருந்தது. மில்காரர் தொலைபேசியில் வந்தார். “ரீச்சர், நெல்லு வந்து குவியப்போகுது. எனக்குக் கொட்டில் வேணும். எடுக்காட்டி வள்ளத்தை நடுவால வெட்டி ரெண்டு பக்கமும் எறிஞ்சு போடுவன்.” அடுத்த அழைப்பு கனடாவிலிருந்து. அண்ணர் சிரித்த சிரிப்பு சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ரீச்சர் ரோசக்காரி. “சித்திரை வருஷத்துக்கு முதல் வள்ளம் கடலில மிதக்காட்டி, மூட்டையைக் கட்டிக்கொண்டு உன்ர பனிக்குள்ள வந்து இருக்கிறன். சரியோ?” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு விசில் இல்லாத ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் அலுவலகத்தில் லீவு போட்டேன்.

கிண்ணியாவிலிருந்து புரோக்கர் நானா வரவழைக்கப்பட்டார். வாகனமும் பார்ப்பார், கலியாணமும் பேசுவார். “நல்ல இடம் ரீச்சர், வெயில் படாம வளந்தது, கெட்ட பழக்கம் ஒண்டுமில்ல” என்று அவர் தொடங்கினால், அது மாப்பிள்ளையா மோட்டார் வாகனமா என்று தெரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். தன்னுடைய பழைய நீட்டு ஜீப்பில் ஆடுகளோடு வந்து இறங்குவார். அவருக்குப் பின்னால் விற்பனைக்குரிய வாகனம் பளபளவென்று வரும்.

முதலில் வந்தது வெள்ளை நிறத்தில், தோல் இருக்கைகளோடு ஒரு சொகுசு வாகனம்.

“கதவைத் திறந்தா படி தானா வெளியில வரும் ரீச்சர்!”

“வள்ளம் படியில ஏறி வராது நானா” என்ற ரீச்சர், சேலையைச் செருகிக்கொண்டு வீதியில் மல்லாந்து படுத்து வாகனத்துக்கு அடியில் தலையை விட்டார். சைக்கிளில் போன இரண்டு பேர், யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். அடியிலிருந்து குரல் வந்தது. “அடிச்சட்டம் எங்க? கொக்கி எதில பூட்டுறது? தம்பி, புத்தகத்தில இழுவைப் பாரம் எவ்வளவெண்டு பாருங்கோ!”

வாசித்தேன். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் ஒன்றரைத் தொன், இல்லாவிட்டால் அதில் பாதி. எங்கள் வள்ளம் ட்ரெய்லரோடு மூன்று தொன்னுக்குக் கிட்ட. அடியிலிருந்தே விசில் கேட்டது. வாகனம் அவுட்.

அதன்பிறகு ரீச்சர் ஒரு பரீட்சை வைத்தார். சாம்பல்தீவில் தெரிந்தவர் ஒருவரிடம் ட்ராக்டரில் கொழுவி இழுக்கும் தண்ணீர்த் தாங்கியான பவுசர் ஒன்றை இரவல் வாங்கி, வள்ளத்தின் பாரத்துக்கு நிரப்பினார். வருகிற வாகனம் இதை இழுத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவதாக வந்த சின்ன டபுள் கெப் உவர்மலை ஏற்றத்தில் பவுசரைத் துள்ளித் துள்ளி இழுத்தது. நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இறக்கத்தில் ரீச்சர் நிற்கச் சொல்லி விசில் அடித்தார். நானா பிரேக்கை மிதித்தார். கெப் நிற்கத்தான் விரும்பியது, பின்னால் வந்த பவுசருக்கு அந்த எண்ணம் இல்லை. மாமியார் மருமகனைச் சபைக்குத் தள்ளிக்கொண்டு போவதுபோல எங்களை முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. முன் இருக்கையிலிருந்த என் வாயிலிருந்து கோணேசரும் அந்தோனியாரும் ஒரே மூச்சில் வந்தார்கள். யாரோ வீடு கட்டக் குவித்திருந்த மணல் எங்களைக் காப்பாற்றியது.

ரீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்து, நாங்கள் முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இழுக்கிறது பெரிய காரியமில்லை. இழுத்ததை நிப்பாட்டோணும். இது நோஞ்சான். பின்னால வாற பாரம் இதைவிடப் பெரிசு.”

மூன்றாவது வாகனத்துக்கு உடம்பு இருந்தது. எஞ்சின் உறுமினால் பக்கத்து வீட்டு யன்னல் நடுங்கும். உவர்மலை இறக்கத்தில் கல்லுப்போல நின்றது. ரீச்சரின் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம். கடைசிப் பரீட்சைக்குச் சாம்பல்தீவுக் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் பவுசரோடு இறங்கிய வாகனம், ஏறச் சொன்னதும் உறுமியது. பின்சில்லு இரண்டும் மணலை வாரி என் சட்டையில் எறிந்தன. முன்சில்லு இரண்டும் தியானத்தில் இருந்தன.

“நாலு சில்லும் இழுக்குமெண்டு பின்னால எழுதிக்கிடக்கே நானா?”

“எழுதித்தான் கிடக்கு ரீச்சர். முன்சில்லு ரெண்டும் இப்ப... ஒங்களப் போல பென்சன்.”

அந்த நேரம் ரீச்சர் பார்த்த பார்வைக்கு நானா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அலை வேறு கிட்டக் கிட்ட வந்தது. நானா வேறு வழியில்லாமல் தன் பழைய ஜீப்பை இறக்கி, ஆடுகளைக் கரையில் கட்டிவிட்டு, சங்கிலியைக் கொழுவினார். ஒரு சின்ன நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து லோ கியரில் போட்டார். அது சத்தம் போடவில்லை, அவசரமும் படவில்லை. குளத்தில் படுத்திருந்த எருமை எழும்புவதுபோல, மெல்ல, வாகனத்தையும் பவுசரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே வந்து நின்றது.

கடற்கரையில் ஒரு நீட்டு விசில் கேட்டது. நானாவுக்கு முகம் வெளிறியது.

“ரீச்சர், அது விக்கிறதுக்கில்ல.”

“நான் ஒண்டும் கேக்கேல்லையே.”

“ஒங்கட கண் கேக்குது. அது வாகனமில்ல ரீச்சர், என்ட மூத்த புள்ள!”

“அப்ப சம்பந்தம் பேச வந்திருக்கிறம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

ஊருக்கெல்லாம் கலியாணம் பேசிய மனிதர் ஆட்டுக்கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார். ரீச்சர் சேலையோடு ஈர மணலில் மல்லாந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தார். ஆட்டுப்புழுக்கை காய்ந்த தடித்த அடிச்சட்டம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. உவர்மலைக்கும் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். நின்றது. கடைசியில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் வந்தது: ஜீப் ரீச்சருக்கு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகவும் ஆடு ஏற்றவும் நானாவுக்கு, வள்ளம் இழுக்கும்போது ஸ்ரேரிங்கை நானாவைத் தவிர யாரும் தொடக்கூடாது.

கந்தளாய்க்குப் போனபோது மில்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நெல்லு மூட்டைகள் வள்ளத்தின் கழுத்துவரை வந்திருந்தன. ஜீப்பைப் பார்த்துவிட்டு, “இதுவோ இழுக்கப்போகுது?” என்றார். ரீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு கொக்கியடிக்குப் போனார். ட்ரெய்லரின் பழுதான பிரேக்குகளை முன்பே ஆள் வைத்துத் திருத்தியிருந்தார். “நிப்பாட்டுற வேலையில பாதியை ட்ரெய்லரும் செய்யட்டும்” என்பது அவர் கட்டளை. வள்ளம் பின்பாரமாக இருந்ததால் ட்ரெய்லரின் மூக்கு மேலே எழும்பியது. மில் வேலையாட்களைக் கூட்டி, விசில் அடித்து அடித்து, வள்ளத்தைச் சாண் சாணாக முன்னுக்கு நகர்த்தி, கொக்கியில் அளவான பாரம் இருக்கச் செய்தார். பிறகு வாசலின் இரண்டு தூண்களுக்கும் நடுவால், விசிலுக்கு இடமும் வலமுமாக நானா ஸ்ரேரிங்கைத் திருப்ப, வள்ளம் பெயின்ரில் ஒரு கீறலும் படாமல் வெளியே வந்தது. மில்காரரின் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து தட்டியது.

பெரிய வீதியில் நாங்கள் போனதை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பஸ்காரர் முந்திக்கொண்டு போய், நிறுத்தி, இறங்கிப் படம் எடுத்தார். தம்பலகாமம் தாண்டி ஓர் இறக்கத்தில், வளைவு திரும்பியதும் வீதி முழுக்க மாட்டுப்பட்டி. ரீச்சர் தலையை வெளியே நீட்டி விசில் அடித்தார். ஒரு மாடும் அசையவில்லை. அவை அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்தவை அல்ல.

“புடிங்கோ நானா!”

“புடிச்சிட்டேன் ரீச்சர், புடிச்சிட்டேன்!”

நான் கண்ணை மூடினேன். முதுகில் ஓர் அழுத்தம். பின்னால் ட்ரெய்லர் பிரேக் முனகும் சத்தம். கண்ணைத் திறந்தபோது ஜீப் நின்றிருந்தது. ஒரு வெள்ளைப் பசு எங்கள் முன்பக்கத்தை மோந்து பார்த்துவிட்டு, ஆட்டு நாற்றம் பிடிக்காமல் விலகிப் போனது. ரீச்சர் தலையை உள்ளே எடுத்தார். நானாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் அப்படி யாரையும் தட்டி நான் கண்டதில்லை.

உள்துறைமுகப் பக்கம் மீன்பிடி வள்ளங்கள் இறக்கும் சீமெந்துச் சரிவில் சனம் கூடிவிட்டது. ஃபாதர் வந்து வள்ளத்துக்குத் தண்ணீர் தெளித்தார், மிகச் சுருக்கமாக. நானா ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளித் தண்ணீரில் இறக்கினார். வள்ளம் மிதக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஜீப்பின் பின்சில்லு பாசியில் பட்டு வழுக்கியது. ஜீப், ட்ரெய்லர், வள்ளம் மூன்றும் சேர்ந்து கடலுக்குள் நழுவத் தொடங்கின. சனம் ‘ஐயோ’ என்றது. அந்த ஜீப் எதற்கு அவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்சில்லு பாசியில் வழுக்கினாலும் முன்சில்லு காய்ந்த சீமெந்தில் நின்றது. நானா லோ கியரைப் போட, முன்சில்லு நிலத்தைக் கவ்வியது. ஜீப் நின்றது. அந்த நழுவலில் ட்ரெய்லர் போதிய ஆழத்துக்குப் போயிருந்தது. வள்ளம் ஒருமுறை அசைந்து, மெல்ல எழும்பி, மிதந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மீனவர்கள் கூவினார்கள். ஜீப் வெறும் ட்ரெய்லரோடு தண்ணீர் சொட்டச் சொட்ட மேலேறி வந்தபோது, கலியாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு இருந்திராது. நானா இறங்கி ஜீப்பின் பொனெற்றை முத்தமிட்டார். ரீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் வள்ளத்தில் ஏறி, கைபேசியில் அண்ணரை வீடியோவில் அழைத்து, கடலையும் கோட்டையையும் சனத்தையும் சுற்றிக் காட்டினார். சித்திரை வருஷம் பிறக்க இன்னும் நாள் இருந்தது.

“அண்ணா, தெரியுதோ? மிதக்குது! ரிக்கெற்றை நீ போட்டுக்கொண்டு இஞ்ச வா. முன் இருக்கை உனக்கு!”

அண்ணர் அடுத்த பருவத்தில் உண்மையாகவே வந்தார். திமிங்கிலத்தைப் பார்த்து அழுதாராம். வள்ளம் இன்றைக்கும் ஓடுகிறது.

எனக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்து இப்போது இங்கேதான் குடும்பமும் குடித்தனமும். வானொலியில் வானிலை அறிக்கை வரும்போது வீட்டில் யாரும் கதைக்கக்கூடாது. ‘திருகோணமலை ஊடான கடற்பரப்பில் காற்றின் வேகம்’ என்று கேட்டால், பிசைந்த சோற்றுக் கையோடு எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ‘கடல் அமைதியாகக் காணப்படும்’ என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.