இரண்டாம் தடவை கேட்காத நாடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலம் என்றுதான் வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நீ எழுதியிருப்பாய். போனில் சொன்னால் சிரிப்பாய் என்பதால் கடிதம். விஷயம் இதுதான்: மாதக் கடைசியில் நான் வீடு திரும்புகிறேன். என் அறையில் நீ அடுக்கி வைத்திருக்கும் சிமெண்ட் மூட்டைகளை எடுத்துவிடு.

ஏன் என்று கேட்பாய். இந்த நாட்டில் எவனும் ஒன்றை இரண்டாம் தடவை கேட்பதில்லை. மகன் வீட்டுக்கு வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரரின் புல் வெட்டும் மெஷின், கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. யாரிடமும் படிக்காமல் கண் பார்த்துக் கற்று நாற்பது வருஷம் பம்பு செட் பிரித்தவன் சும்மா இருப்பேனா? நானே போய்க் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினேன், ஓடியது. மனிதர் மகிழ்ந்துபோய்க் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். மரியாதைக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நம் பக்கமென்றால் "அட, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இவர் தலையாட்டிவிட்டு அந்தக் காப்பியை என் கண்ணெதிரே தானே குடித்தார். அத்தோடு விட்டதா? பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். பரவாயில்லை, நீயே உட்காரம்மா என்று சைகை காட்டினேன். உட்கார்ந்துவிட்டாள்! பதினோரு ஸ்டாப்பும் முழங்கால் வலியோடு கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தேன். மகனிடம் சொன்னால், "வேணும்னா வேணும்னு சொல்லுங்கப்பா, இங்க அப்படித்தான்" என்கிறான். கேட்டவுடன் கையை நீட்ட நான் என்ன சோறு காணாதவனா?

மற்றவர்கள் கிடக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் பெற்ற பிள்ளையே சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்டான்: "அப்பா, விசா முடியப்போகுது. இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கவா?" உன் அண்ணி போன பிறகு அந்த வீட்டில் தினமும் ஒற்றைத் தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஆனாலும் பழக்கதோஷம், வாய் தானாக, "எதுக்குப்பா, உங்களுக்குச் சிரமம்" என்றது. "சரிப்பா" என்றான். அவ்வளவுதான்! இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான். மூன்று நாளாக அவன் கண்ணில் படும்படி நடுக்கூடத்தில் பெட்டியை அடுக்குகிறேன், கலைக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன். வந்து பார்த்தான். "ஜிப் போயிடுச்சேப்பா, வேற பெட்டி வாங்கித் தரவா?" அதற்கும் வேண்டாம் என்றேன். அதற்கும் சரி என்றான். நானாக வாய் திறந்து, இருக்கிறேன் என்று கேட்பேனா? அது மட்டும் நடக்காது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். மூட்டைகளை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் அண்ணன்

பின்குறிப்பு: மூட்டைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். உறையை ஒட்டப் பசை கேட்டுப் போனேன். மருமகள் எடுத்துக் கொடுத்துவிட்டு, "நிஜமாவே போறீங்களா மாமா? இருங்களேன்" என்றாள். இரண்டாம் தடவை! முறைப்படி நான் இன்னும் ஒருமுறை வேண்டாம் என்றிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் தடவைக்கு இந்த நாட்டை நம்ப முடியாது. "சரிம்மா" என்றுவிட்டேன்.