முட்புதருக்கு முடிவெட்டிய கதை

உதவி செய்யாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. கேட்காமலே உதவுகிறவர்களால்தான் ஆபத்து. (நான் இரண்டாவது ரகம்.)

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாலும் என் சொந்த ஊர் பணகுடிப் பக்கம். திருவனந்தபுரத்து மழையில் பாதிகூட அங்கே எட்டிப் பார்க்காது. தனியாக ஊருக்குப் போயிருந்தபோது, காட்டில் ஒரு முட்புதரில் வினோதமான பூக்களைக் கண்டேன். சின்னக் கூஜா மாதிரி உடம்பு, மேலே கூண்டு மாதிரி மூடி. படம் எடுத்து என் மனைவி சுதாவின் அண்ணனுக்கு அனுப்பினேன். மச்சான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எனக்குச் செடிக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவர் எண்ணம்.

உடனே போன் வந்தது.

"மாப்ளே, இதத்தான் நான் சர்வீஸ் பூரா தேடிட்டிருந்தேன்! நாளைக்கு வாறேன். பூவத் தொட்டிராதேயும்!"

தொடவில்லை. ஆனால் புதரைச் சுற்றிப் பச்சைக் கயிறு போல, இலையே இல்லாத கொடி ஒன்று நெரித்துக்கொண்டிருந்தது. அபூர்வச் செடி மூச்சுத் திணறுகிறதே! கொடியை அடியோடு அறுத்தேன். இழுத்தால் பூ உதிரும் என்று மேலே கிடந்ததை விட்டுவைத்தேன். (என்ன ஒரு நுணுக்கம்!)

மறுநாள் சுதா கார் ஓட்ட, பூதக்கண்ணாடியோடு மச்சான் வந்து இறங்கினார். புதர் ஜம்மென்று நின்றது. பூக்கள் மட்டும் தலை தொங்கிக் கிடந்தன.

"வெயில் போல" என்றேன்.

மச்சான் ஒரு பூவிலிருந்து விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தார். விரல் அந்தப் பச்சைக் கயிற்றில் இறங்கி, அறுபட்ட நுனியில் நின்றது.

"இத அறுத்தது ஆரு?"

"நான்தான் மச்சான். களை... செடிய நெருக்கிச்சு."

"செடியே இதுதான் மாப்ளே. நீரு காப்பாத்தினது வெறும் முள்ளு."

சுதா காரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. (சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது என்றாள் பிறகு.) மச்சான் திட்டியிருந்தால்கூடத் தேவலை. புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேராவது மிச்சமிருக்கிறதா என்று மண்ணைக் கிளறப் போனேன்.

"கைய எடும்! ரெண்டையும் பாக்கெட்டுல வையும்!"

திருவனந்தபுரம் வரும்வரை வெளியே எடுக்கவில்லை. வழியில் நெய்யாற்றின்கரைக் கடையில் வாங்கிய என் சாயாவையும் சுதாவே குடித்தாள்.

மழைக்குப் பிறகு வேர் தளிர்த்ததாம். அண்ணனும் தங்கையும் என்னிடம் சொல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இன்றும் மச்சான் வீட்டு கேட்டைத் திறந்தால், உள்ளேயிருந்து "மாப்ளே, பாக்கெட்!" என்று குரல் வரும். குடும்பப் படங்களிலெல்லாம் பாக்கெட்டில் கைவிட்டுத்தான் நிற்கிறேன். ஐடிக்காரன் ஸ்டைல் என்று நினைக்கிறார்கள் தூரத்து உறவினர்கள்.

கல்யாணங்களுக்குப் பட்டு வேட்டி கட்டத்தான் சுதா விடுவதில்லை. அதில் பாக்கெட் இல்லையாம்.