தாய்மாமனுக்கு அட்மின் கொடுத்த கதை

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் பண்ணுவதும் வெப்சைட் திறப்பதும் ஒன்றுதான். வேலை கொஞ்சம், யாருக்கும் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சமெல்லாம். இதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே காரணத்தால்தான் நான் அக்காவின் பிழைப்பைக் கிட்டத்தட்ட காலி செய்தேன்.

அக்கா சாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. விடியாத இருட்டில் கூட்டு ரோட்டில் நின்று கம்பெனி பஸ் ஏறுவாள். ஆனால் அவள் கையில் இருந்த நிஜமான வித்தை ஆரி வேலை. ஜாக்கெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மணியும் ஜரிகையும் வைத்து அவள் மயில் போட்டால் அது தோகையைச் சிலுப்பும். அதை ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கலாம் என்று வேலையை விட்டாள். தீபாவளி வரை பார்ப்பது, ஓடாவிட்டால் திரும்பவும் பஸ் ஏறுவது என்று வீட்டுக்காரரோடு பேச்சு. கம்பெனி சட்டையைத் துவைத்து ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தாள்.

வெப்சைட்டை யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். (எங்கள் சொந்தத்தில் இதற்குப் பெயர் சாஃப்ட்வேர்.)

வெப்சைட்டில் நமக்கு வேண்டிய வசதிக்காகச் சேர்த்து மாட்டுகிற சின்ன மென்பொருளுக்கு ப்ளகின் என்று பெயர். பாடத்தை வரிசையாகக் காட்ட ஒன்று, பணம் வாங்க ஒன்று, பணம் கட்டிச் சேர்ந்தவர்களை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களை வாசலிலேயே நிறுத்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. நான் பெண் பார்க்கிறவன் மாதிரி நட்சத்திரம் எல்லாம் பார்த்துப் பொறுக்கினேன் (ப்ளகினுக்கும் நட்சத்திரம் உண்டு). வாசல் காப்பதில் இரண்டு பிடித்துப்போய், இரண்டையுமே மாட்டினேன். முதலில் பணம் கட்டு என்று ஒன்று இன்னொன்றிடம் அனுப்பியது. முதலில் லாகின் பண்ணு என்று அது திருப்பி அனுப்பியது. பாடம் எடுக்கிற அக்காவே தன் பாடத்துக்குள் நுழைய முடியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க வெளியே நின்றாள். பிறகு ஒன்றைக் கழற்றினேன்.

இதுவரை நடந்தது வெறும் முட்டாள்தனம். அடுத்து நான் செய்ததுதான் மரியாதை.

திறப்பு நாளில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவர் போனில் பார்க்க வேண்டுமே. பணம் கட்டிவிட்டு வா என்று தாய்மாமனிடம் சொல்ல முடியுமா? அதனால் நானே அவர்கள் பெயரைச் சேர்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தகுதி கொடுக்கச் சொன்னது வெப்சைட். ஆக மேலே நிர்வாகி, அதாவது அட்மின். ஆகக் கீழே சந்தாதாரர். நிர்வாகி எதையும் திறக்கலாம், மூடலாம், அழிக்கலாம். சந்தாதாரர் வேடிக்கை பார்க்கலாம்.

இங்கே திருப்புலிவனம் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவோடு பிறந்தவர், நெல்லும் போர்வெல்லும் உண்டு. அக்கா கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இரண்டாவது வரிக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு வந்தார், சீர் வைத்தார், பந்தியில் மட்டும் உட்காரவில்லை. வெளியே போய்ப் புரோட்டா பார்சல் வாங்கி வந்து, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் கண்ணிலும் படுகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்படிப்பட்டவரை நான் சந்தாதாரர் என்று போடுவேனா? நிர்வாகி ஆக்கினேன். அவரை ஆக்கிவிட்டு அக்காவின் மாமனாரை விட முடியாது. மாமனாரை ஆக்கினால் எங்கள் பெரியப்பா என்ன பாவம் செய்தார்? கடைசியில் அந்தக் குடும்பத்தில் நிர்வாகி ஆகாத ஒரே ஆள் அக்காதான்.

மாமாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஓடுகிற ஃபேனை நிறுத்துவார். கீழே ஆள் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்துவார்.

வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னாலேயே திறந்துவிட ஏற்பாடு. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பட்டனை அழுத்தினேன். பணம் கட்டிய பெண்கள் எங்கெங்கோ இருந்து வாட்ஸ்அப் குழுவில் காத்திருந்தார்கள். முதல் பாடம், ஒரு பூ, திறந்தது. எல்லாரும் கேசரி சாப்பிட்டோம். அந்த நிம்மதி, கேசரி தட்டு காலியாகும் வரைதான் இருந்தது.

முதலில் குழுவில் ஒரு பெண் கேட்டாள், தன் நாத்தனார் பணமே கட்டவில்லை, அவளும் எப்படிப் பார்க்கிறாள் என்று. பிறகு வரிசையாக அதே கேள்வி. லிங்க் கை மாறி, யார் யாரோ உள்ளே உட்கார்ந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, கட்டின பணத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதினாள். அக்கா என்னைத் திட்டவில்லை. ஆணியில் தொங்கிய கம்பெனி சட்டையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் வெளிநாட்டுத் திருடர்கள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். உலகத்தில் அவ்வளவு பாங்குகள் இருக்க, சாலவாக்கத்து ஜாக்கெட் வகுப்பை அவர்கள் ஏன் குறிவைத்தார்கள் என்று யோசிக்கவில்லை. எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இப்டி வேர்த்து ஊத்துது?"

"யாரோ உள்ள பூந்து பூட்டக் கழட்டிட்டாங்க மாமா."

"பூட்டெல்லாம் எனக்குத் தெரியாது. போன்ல உள்ள பார்த்தா இன்னா இன்னாவோ வரிசையா ஓடிக்கினு கீது. ஒண்ணொண்ணுக்கும் பக்கத்துல நிறுத்துன்னு போட்டு கீது. இன்னாத்துக்குத் தண்டமா ஓடணும்னு ரெண்ட நிறுத்தினேன். அதுக்குள்ள டீ வந்துடுச்சு."

அவர் நிறுத்திய இரண்டு, பணம் வாங்குவதும் வாசல் காப்பதும். அடுத்து இருந்தது பாடமே இருக்கிற ப்ளகின். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஒரு ப்ளகினை நிறுத்தினால்தான் அதன் பக்கத்தில் 'அழி' என்று சிவப்பெழுத்து வரும். மாமாவின் விரல் அதற்கு நேர் மேலே இருந்த நேரத்தில்தான் அக்காவின் மாமியார் டீத் தட்டை நீட்டியிருக்கிறார். அந்த அம்மாள் காலில் நான் விழுந்தேன். நெடுஞ்சாண்கிடையாகவே விழுந்தேன். ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

திரும்ப ஓடவிட்டேன். ஒன்றும் அழிந்திருக்கவில்லை. உயிர் வந்தது. ஓசியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பாதிப் பூவில் வெளியே வந்து விழுந்தார்கள்.

பணம் கட்டியவர்களுக்கு அக்கா குரல் பதிவு அனுப்பினாள். எதையும் மறைக்கவில்லை.

"எங்க மாமா தெரியாம அமத்திட்டாருங்க. தப்பு எங்க மேலதான். உங்களுக்கு மட்டும் தனியா ஒரு மயில் சொல்லித் தரேன், கோச்சிக்காதீங்க."

மயில் என்றதும் பணத்தைத் திருப்பிக் கேட்டவள் அடங்கிப்போனாள். சாயங்காலத்துக்குள் வேறொன்று நடந்தது. வெளியே விழுந்தவர்கள் ஒவ்வொருவராக அக்காவுக்குப் போன் போட்டார்கள். பூவில் பாதி போட்டாகிவிட்டது, மீதியை எப்படி முடிப்பது, சேர என்ன செய்ய வேண்டும் என்று. நான் நோட்டீஸ் ஒட்டி, ஸ்டேட்டஸ் வைத்து, கெஞ்சிக் கூத்தாடியும் வராத கூட்டம் அது. முதல் பாடத்தை எப்போதும் திறந்தே வை என்று அக்கா சொல்லிவிட்டாள். இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.

தீபாவளி வந்தது, போனது. அக்கா பஸ் ஏறவில்லை. அந்தச் சட்டை இப்போது ஆரிச் சட்டம் துடைக்கிற துணி.

மாமாவின் நிர்வாகிப் பதவியை நான் சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. வியாபாரத்தைத் தொறந்து வுட்டதே நான்தான் என்று திருப்புலிவனம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். அதில் பொய்யும் இல்லை. இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், "அவருக்கு ஒரு அட்மின் குடுத்து உக்கார வைங்கப்பா" என்று ஒரு குரல் வரும்.

போன வாரம்கூட மாமா அக்கா வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். கூடத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, வந்ததும் வராததுமாக ஃபேனை நிறுத்தினார். நான் எழுந்து சுவிட்ச் பக்கம் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வுடுடா. அந்தக் கை நிறுத்தினா நல்லதுதான் நடக்கும்."

வேர்க்க வேர்க்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.