கிட்டப்பார்வை லேப்டாப்

என் பேத்தியின் முகத்தை எப்படியாவது பார்த்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். சாதாரண முடிவு இல்லை. கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தபோது மேசையில் ஓங்கிக் குத்தி எடுத்த முடிவு. பாவம் அந்த மனிதர், ஏதோ எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்று பயந்து மேல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இருபத்தாறு வருஷமாக ஊரார் கண்ணுக்குப் பவர் சொல்கிறவன். அப்படிப்பட்டவன், பேத்தி பிறந்து பதினோரு மாதம் ஆகியும், அவள் சிரித்தோ அழுதோ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தபாலில் போட்டோ வரும். போட்டோவில் எல்லாக் குழந்தையும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரே மாதிரிதான் இருக்கிறது. மகள் இருப்பது கடல் தாண்டி. அவள் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, எங்கள் வீட்டில் லேப்டாப் உண்டு, இரண்டிலும் கேமரா உண்டு. பின்னே என்ன கேடு என்று கேட்பீர்கள். நானே எனக்கு வைத்துக்கொண்ட ஆப்பு, ஐயா!

அதைச் சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

என் மாமனார் வேறு ஊரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். வேலைதான் ஓய்வு பெற்றது, ஆய்வு ஓய்வு பெறவில்லை. வீடியோவில் பேசக் கற்றுக்கொண்ட அன்றே முதல் அழைப்பு எங்களுக்கு.

"சௌக்கியமா மாப்பிள்ளை? உங்க தலைக்கு மேல அது என்ன, ஒட்டடையா?"

"நிழல் மாமா."

"நிழலுக்குக் கால் இருக்குதே. லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்குங்க, பாக்கலாம்."

தூக்கினேன். நாற்பது நிமிஷம் கீழே வைக்கவிடவில்லை. ஜன்னல் விளிம்பு, பீரோவுக்குப் பின்புறம், குளியலறைக் குழாய். கடைசியில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் என்னை லேப்டாப்போடு குனியவைத்தார்.

"இன்னும் உள்ள போங்க. ஆங்! இப்ப மோந்து பாருங்க."

"எதுக்கு மாமா?"

"எனக்கு இங்க நாத்தம் வராதுல்ல? நீங்கதான் சொல்லணும்."

நாலு ஞாயிற்றுக்கிழமை மோந்து பார்த்தேன். ஐந்தாவது வாரம் கடவுள் கண்ணைத் திறந்தார். மாமனாரின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. என் மச்சான் அவருக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்தது வேறு வகைக் கம்ப்யூட்டர். எங்களுடையது ஒரு கம்பெனி, அது இன்னொரு கம்பெனி. எந்த வகையாக இருந்தால் என்ன, இரண்டுக்கும் பொதுவாக வீடியோ புரோகிராம் இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இனிமே உங்கப்பாவோட வீடியோவுல பேச முடியாதும்மா."

"ஏங்க?"

"வகை வேற. நம்ம லேப்டாப் கிட்டப்பார்வை. அவரோட கம்ப்யூட்டர் தூரப்பார்வை. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்காது."

"அப்பா தூரத்துலதானேங்க இருக்காரு? தூரப்பார்வைக்குத் தூரத்துல இருக்கற நாம நல்லாத் தெரியணுமே?"

ஒரு கணம் ஆடிப்போய்விட்டேன்.

"இதெல்லாம் இருபத்தாறு வருஷம் கண்ணாடிக் கடையில நின்னாத்தான் புரியும்."

"எனக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அன்றிலிருந்து நான் சுதந்திர மனிதன். மாமனார் வேறு வழியில் புகுந்துவிடக்கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொத்தான் போனே போதும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் எனக்கு இருந்த ஒரே தொல்லை மனைவியின் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு. காலையில் காப்பியோடு வரும். 'தொட்டிக்கு அடியில், இடது மூலை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஈரம். உடனடி.' 'உடனடி' மட்டும் சிவப்புப் பென்சிலில். போன வாரம் செய்யாமல் விட்டது 'இரண்டாம் நினைவூட்டல்' என்று மறுபடி வரும். இவளுக்குள் இப்படி ஒரு நிர்வாகத் திறமையா என்று நான் அசந்துபோயிருக்கிறேன். அசந்துபோய்த் தொட்டியைத் தேய்த்திருக்கிறேன். ஆனாலும் பெண்டாட்டி சொல்லிச் செய்வது வேறு, மாமனார் சொல்லிச் செய்வது வேறு இல்லையா? தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே!

பேத்தி பிறந்தாள். மகள் போனில், "அப்பா, தினம் வீடியோவுல பாக்கலாம்ப்பா!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அதெப்படிம்மா? உங்க வீட்டுலயும் தாத்தா வீட்டுல இருக்கற அதே வகைதானே? அது தூரப்பார்வையாம். அப்பா சொல்லியிருக்காரு."

மறுமுனையில் மகள் இருமினாள். நீளமான இருமல்.

நான் என்ன செய்வேன்? உண்மையைச் சொன்னால் மகளும் பேத்தியும் வருவார்கள், கூடவே மாமனாரும் வருவார். பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு மாதம் இருந்தேன். போன வாரம் மகள் போன் செய்து, "பாப்பா எதையும் பிடிக்காம தானா நிக்கிறாப்பா" என்று சொன்னதும் எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. அடுத்து அவள் நடப்பாள். பேசுவாள். தாத்தா என்று யாரோ ஒரு வழிப்போக்கரைக் கூப்பிடுவாள். இனி தாங்காது என்றுதான் மேசையில் குத்தினேன்.

குத்திய வேகத்தில் ஒரு திட்டமும் பிறந்தது. என்ன திட்டம் தெரியுமா? லேப்டாப்புக்கே கண்ணாடி போட்டுவிடுவது!

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று வீட்டுக்குள் குதித்தேன். "ஒரு வாரமா நானே லென்ஸ் தேய்ச்சிட்டிருக்கேன். கேமரா மேல ஒட்டுனா நம்ம கிட்டப்பார்வை சரியாயிடும். பொண்ணு வீடு பளிச்சுன்னு தெரியும்!"

"அப்படியாங்க! அப்ப அப்பாவையும் பாக்கலாமா?"

"அதுதான் முடியாது. இது பொண்ணு வீட்டுப் பவர். உங்கப்பா வீட்டுப் பவர் வேற. அதுக்கெல்லாம் லென்ஸே கிடையாது."

"பாவம் அப்பா" என்றாள். "சரி, சனிக்கிழமை அஞ்சரைக்கு வச்சுக்கங்க. அதுதான் எனக்கு வசதி."

சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்தினேன். தட்டில் கிடந்த லென்ஸ்களில் பவரே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். புதுச் சட்டை போட்டேன். தலை வாரினேன். இரண்டாம் தடவையும் வாரினேன். கூடத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து, கேமரா மேல் லென்ஸை வைத்து, டேப் போட்டு ஒட்டினேன். கோணலாக இருந்தது என்று பிய்த்து நேராக ஒட்டினேன். கல்யாணத்தன்றுகூட எதையும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யவில்லை.

பாஸ்வேர்டு கேட்டது. மூன்று வருஷமாயிற்று, எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"எனக்கு என்னங்க தெரியும்" என்றாள் மனைவி, பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே. "பாப்பா பொறந்த தேதியப் போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். திறந்துகொண்டது!

"பாத்தியா, எவ்வளவு முன்யோசனையா வச்சிருக்கேன்!" என்றேன். மூன்று வருஷத்துக்கு முன் வைத்த பாஸ்வேர்டில் பதினோரு மாதப் பேத்தியின் பிறந்த தேதி எப்படி வந்தது என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

"வீடியோ புரோகிராம் எங்க போச்சு? காணோமே."

"எனக்கு என்னங்க தெரியும். கீழ வரிசையில, மூணாவதா, பச்சையா ஒண்ணு இருக்கே."

"சத்தம் வரலையே!"

"எனக்கு என்னங்க தெரியும். மைக் மேல சிவப்புக் கோடு இருந்தா ஒரு தட்டுத் தட்டுங்க, போயிடும்."

தட்டினேன். போய்விட்டது. இப்படி ஒரு குருட்டு அதிர்ஷ்டக்காரியைக் கட்டிக்கொண்டதற்காக மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மணி அடித்தது. திரை கறுத்தது, வெளுத்தது. வந்தாள்! மகள் மடியில், மஞ்சள் கவுனில், என் பேத்தி! என் மூக்கு! அச்சு அசல் என் மூக்கு! கண்ணாடி போட்டால் நழுவவே நழுவாத மூக்கு!

"கண்ணு! தாத்தாடா! தாத்தா!" என்று கத்தினேன்.

பேத்தி திரையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். வீல் என்று அலறினாள்.

"அப்பா, என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள். "முகமே இல்லாம இருக்கீங்க. ஏதோ பெரிய உருண்டை அசையற மாதிரி தெரியுது. பாப்பா பயப்படறா!"

எட்டிப் பார்த்தேன். அடப்பாவி! அவசரத்தில் தட்டு மாறிக் கை வைத்திருக்கிறேன். நான் ஒட்டியது வெறும் கண்ணாடி இல்லை, அசல் பவர் லென்ஸ். அதுவும் சோடாபுட்டிப் பவர். ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்த கேமராவை நானே குருடாக்கி வைத்திருக்கிறேன்.

லென்ஸை எடுத்தால் பேத்திக்கு என் முகம் தெரியும். என் மனைவிக்கு என் மூன்று வருஷப் பொய் தெரியும். எடுக்காவிட்டால் பேத்திக்கு நான் ஆயுசுக்கும் உருண்டைப் பூதம். அவள் அழுகை ஏறிக்கொண்டே போனது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மானமாவது, மண்ணாவது! டேப்பைப் பிய்த்து எறிந்தேன்.

பேத்தி அழுகையை நிறுத்தினாள். என்னை உற்றுப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடி, வாயைப் பாதி திறந்து, மூக்கால் ஒரு சத்தம் போட்டாள்.

"கொர்ர்ர்ர்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவ அடையாளம் கண்டுக்கிட்டா, அம்மா!"

"எப்படி?" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் நீங்க தூங்கறப்ப காட்டுவேங்க" என்றாள் மனைவி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு. "முழிச்சிருக்கறப்ப காட்ட முடியாதே. லேப்டாப் கிட்டப்பார்வையாச்சே!"

பதினோரு மாதமும் தினம் காலையில், நான் கடைக்குப் போனதும், இந்த மேசையில் பாட்டியும் பேத்தியும் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னை ஒரு தடவைகூடப் பார்க்காத என்னை அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது! பேத்தி மறுபடி குறட்டை விட்டாள். நான் பதிலுக்கு விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு இன்னொன்று விட்டேன். அவள் கை கொட்டினாள்.

அப்போது திரையின் ஓரத்தில் இன்னொரு சதுரம் திறந்தது. நன்றாகத் தெரிந்த நரைத்த புருவம்.

"அடடே, மாப்பிள்ளையா! சனிக்கெழமை அஞ்சரைக்கு நீங்க கடையிலல்ல இருப்பீங்க?"

"மாமா! நீங்க... எப்படி?"

"மூணு வருஷமா இதுதானே என் டைம்? என்னம்மா, நோட்டு எடுத்தாச்சா?"

என் மனைவி மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு நோட்டு. ஒரு பேனா. ஒரு சிவப்புப் பென்சில்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அப்ப அந்த ஞாயித்துக்கெழமைச் சீட்டெல்லாம்..."

"நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா" என்றார் மாமனார். "தொட்டி வேலை அருமை, மாப்பிள்ளை. மறுவாரம் பாத்து அசந்துட்டேன். என் சர்வீஸ்ல உங்கள மாதிரி சொன்னதைச் செய்யற ஆளு ஒருத்தனும் கிடைக்கல."

"எனக்கு என்னங்க தெரியும்" என்றாள் மனைவி, நான் கேட்காமலேயே.

"நோட்டை உள்ள வச்சிரும்மா" என்றார் மாமனார். "இனிமே எழுதற வேலை மிச்சம். மாப்பிள்ளை, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்குங்க."

பேத்தி ஒரு குறட்டை விட்டாள். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புதுச் சட்டையோடு தொட்டிக்கு அடியில் நுழைந்து மோந்து பார்த்தேன்.