குத்துவிளக்குப் படக்காரரின் பக்கேஜ்

பிள்ளையள், ஆராவது ஃபோன் எடுக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அந்தச் சிரிப்பின் அரைவாசிக் கதைதான் உங்களுக்குத் தெரியும். அது உங்கள் அம்மா சொன்ன அரைவாசி. (அவ சொல்லும்போது நான் இன்னும் பெரிய மோடன் ஆகிறேன்.) மற்ற அரைவாசியை நானே எழுதி வைக்கிறேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் அச்சகம் கலியாண அழைப்பும் அடிக்கும். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது மரண அறிவித்தலும், கண்ணீர் அஞ்சலியும், முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும்தான். கல்வெட்டில் இறந்தவரின் திதி பிழைக்கக் கூடாது. பஞ்சாங்கத்தில் விரல் வைத்துத் தேடித் தேடிக் கண் பூத்துப்போய், ஓ.எல். சோதினையோடு படிப்பை விட்ட நான், காணொளிகளைப் பார்த்துக் கொஞ்சம் கணினி நிரல் எழுதப் பழகினேன். அப்படித்தான் 'திதி' என்ற பக்கேஜ் என் கண்ணில் பட்டது.

பக்கேஜ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் தன் தேவைக்கு ஒரு நிரல் எழுதுவார். பிறகு, வேண்டியவர்கள் எடுங்கோ என்று இணையத்தில் பொதுவில் வைத்துவிடுவார். காசு இல்லை. மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் நிரலுக்குள் செருகிக்கொள்வார்கள். 'திதி'க்கு ஒரு நாளைக் கொடுத்தால் அன்றைய திதியைச் சொல்லும். வெளிநாட்டுக் கோயில்கள் பலவற்றின் இணையப்பக்கங்கள் அதைக் கேட்டுத்தான் நாள் காட்டின.

ஆனால் எழுதியவரைக் காணவில்லை. சில நாட்களில் திதி ஒரு நாள் பிந்தியது. சனம் முறைப்பாடு எழுதிக் குவித்திருந்தது. பதில் இல்லை. வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு மாதிரி, வாசல் படலை கறள் பிடித்து, முற்றம் நிறைய மாவிலையாகக் கிடந்தது அந்தப் பக்கேஜ். மத்தியானங்களில், கடை வாசலில் வெயில் படுத்துக் கிடக்கும்போது, நான் கணினிக்கு முன்னால் இருந்தபடியே அந்த முற்றத்துக்குள் போய்விடுவேன். விளக்குமாறோடு. கூட்டுவேன், தண்ணீர் தெளிப்பேன், படலைக்கு எண்ணெய் விடுவேன். எங்கோ பனி கொட்டும் ஊரில் ஒரு பெண் தன் தகப்பனின் திதியைச் சரியான நாளில் கொடுப்பாள். அது என்னால் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். (அந்த நேரம் பார்த்து ஆராவது போட்டோக்கொப்பி எடுக்க வந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.)

கைவிட்ட பக்கேஜைப் பொறுப்பெடுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் சொந்தக்காரருக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டால், அந்தத் தளத்தை நடத்துகிற தொண்டர்களைக் கேட்க வேண்டும். அவர்களும் எழுதி, காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அதைத் திருத்தும் சாவியைத் தருவார்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சாவி கிடைத்தது. பிந்திய திதியையும் திருத்தினேன். அத்தோடு நின்றிருக்கலாம்.

சொந்தக்காரரின் பக்கத்தில் குகதாசன், நெல்லியடி என்று மட்டும் இருந்தது. முகப்படம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குத்துவிளக்கு. எங்கள் தொழிலில் குத்துவிளக்குப் படம் போட்ட ஒருவரை நான் உயிரோடு கண்டதில்லை. அவர் கடைசியாக எழுதியிருந்த வரி, "களைப்பாக் கிடக்கு. கொஞ்ச நாள் விடுங்கோ." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, ஆள் இருக்கிறாரோ எண்டு ஆரையும் விசாரிச்சனீங்களோ?" என்று அம்மா கேட்டா.

நான் குத்துவிளக்கைக் காட்டினேன்.

பிறகு, கைப்பழக்கம், கறுப்புக் கரை போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி செய்தேன். அவர் கடைசித் திருத்தம் செய்த நாளையே மறைந்த நாளாகப் போட்டேன். அந்த நாளின் திதியை அவருடைய பக்கேஜையே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கவியும் எழுதினேன்:

திதியெல்லாம் எமக்குரைத்த தீரா அறிவே – உன்
திதியதனை யாரிடம்போய்க் கேட்போம் இனியே

இதைப் பக்கேஜின் முகப்பில் போட்டதோடு நிற்கவில்லை. யார் எங்கே திதி கேட்டாலும் முதல் வரியாக 'அமரர் நெல்லியடி குகதாசன் நினைவாக' என்று வரும்படியும் செய்தேன். அடுத்த நாளே வெளிநாட்டுக் கோயில்களின் பக்கங்களில், இன்றைய திதிக்கு மேலே, குகதாசன் அமரரானார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் ஒருவர் கண் சிவந்து கடைக்கு வந்தார். பெயர் தவம். நெல்லியடி. மானிப்பாயில் வேலையாம், பக்கத்தில் எங்கள் கடை நல்லது என்று சொன்னார்களாம். தன் மச்சானுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டும் என்றார். பெயர் கேட்டேன். குகதாசன் என்றார்.

பிள்ளையள், ஒரு மனிதன் எவ்வளவு மோடனாக இருக்கலாம் என்பதற்கு அளவு உண்டென்றால், நான் அன்று அதைத் தாண்டினேன். என் மனதில் முதலில் வந்தது, 'பாத்தியே, நான் சொன்னது சரி' என்ற பெருமை. தவத்தின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். கவி தயாராக இருக்கிறது என்று மாதிரித்தாளையும் அடித்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு விம்மினார்.

எப்படித் தெரியவந்தது என்று கேட்டேன். கோயில் இணையப்பக்கத்தில் கிடந்ததாம். வெளிநாட்டில் இருக்கிற குகனின் ஃபோன் நிறுத்தியிருக்கிறதாம். சொந்தமெல்லாம் வீட்டில் கூடிவிட்டதாம்.

"மாமிக்கு, குகன்ரை அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லேல்லை அண்ணை," என்றார். "அவனுக்குச் சம்பந்தம் கேட்டு வந்திருக்கினம் எண்டு நினைச்சு, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறா. பின்னேரம் பெரியப்பா சொல்லுவார்."

கோயில் பக்கத்தில் கிடந்தது என் வரிதானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் தவத்தின் ஃபோன் அடித்தது. திரையில் நித்திரைக் கண்ணோடு ஒரு முகம்.

"மச்சான், என்ரை வாசல்லை ஒராள் பூவோடை நிக்கிறார். என்னைக் கண்டு மயங்கப் பாக்கிறார். என்ன நடக்குது?"

இரவு வேலை முடித்து, ஃபோனை நிறுத்திவிட்டுப் படுத்தவர். அவ்வளவுதான். தவம் என்னைப் பார்த்தார், மாதிரித்தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை. மாமியின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. தவம் அந்த வீட்டிலிருந்த தன் தமையனுக்கு எடுத்து "குகன் உயிரோடை இருக்கிறான்" என்றால், அவர் "ஓமடா, எங்கடை மனசிலை எப்பவும் இருப்பான், அழாதை" என்று வைத்துவிட்டார்.

என் மோட்டார்சைக்கிளில்தான் போனோம். மாதிரித்தாளைக் கடையில் விட்டால் யார் கண்ணிலாவது படும் என்று மடித்துச் சேட்டுக்குள், நெஞ்சோடு, செருகினேன். தவம் பின்னால் இருந்து ஃபோனை என் தோளுக்கு மேலாக முன்னால் பிடித்துக்கொண்டார். 'இறந்தவர்' எங்களோடு பயணம் செய்தார். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று கடை கடையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். வல்லைவெளி வந்ததும் அவர் சொன்னார்:

"அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், வானத்துக்குள் நாரைகள். காற்று எங்களைத் தள்ளியது. சாகாதவர் ஒருவரும் சாகடித்தவர் ஒருவரும் ஒரே வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கனவுக்குள் நிற்கிறேனோ என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

"காத்து கேக்குது," என்றார் அவர். பிறகு, "உந்தக் கவி ஆர் எழுதினது?"

"நான்தான் தம்பி. மன்னிச்சுக்கொள்ளும்."

"எனக்கு வந்த கடிதம் எல்லாம் திதி பிழை, திதி பிழை எண்டுதான் அண்ணை. இப்ப எழும்பிப் பாத்தால், எங்கையெங்கையோ இருந்தெல்லாம் நன்றி எழுதியிருக்கினம். செத்தாப்பிறகு."

தவம் என் முதுகில் குத்தினார். "மாமிக்குச் சொல்லப்போறாங்கள். ஓடுங்கோ."

ஓடினேன். வீட்டு முற்றத்தில் சனம் தலையைக் குனிந்து இருந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமி எழும்பிக்கொண்டிருந்தார். தவம் அவரை இடித்துக்கொண்டு போய் ஃபோனை மாமியின் கையில் கொடுத்தார்.

"இவ்வளவு சனம் வந்து இருக்கு, நீ இப்பதான் எடுக்கிறாய்," என்று அந்த அம்மா மகனை ஏசத் தொடங்கினா. பின்னால் பெரியப்பா கதிரையில் மெல்ல இருந்தார். யாரோ அழுதார்கள். அதைச் சம்பந்தம் பொருந்திய மகிழ்ச்சி என்று அவ எடுத்துக்கொண்டா.

பிறகு என்னைப் பார்த்து, "உவர் ஆர்?" என்றா.

"குகன்ரை கொம்பியூட்டர்ச் சிநேகிதர்," என்றார் தவம், பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கும் தேத்தண்ணி வந்தது. நான் மூச்சு விட விடச் சேட்டுக்குள் தாள் கரகர என்றது.

"என்ன தம்பி நெஞ்சுக்குள்ளை சத்தம்?"

"முட்டு அம்மா. மூச்சு இழுக்கும்."

தேத்தண்ணியைப் பறித்துக்கொண்டு போய் மல்லித் தண்ணி அவித்து வந்து, முழுவதையும் குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றா. தன் மகனின் கண்ணீர் அஞ்சலிக்கு எதிரே நின்று, "உடம்பைப் பாக்கோணும் மேனே," என்றா. அந்தக் கோப்பைக்குள் விழுந்து நான் செத்திருக்கலாம்.

சாவியைத் திருப்பித் தருகிறேன் என்று குகதாசனுக்கு எழுதினேன். 'நீங்களே வைச்சிருங்கோ. அமரர் எண்டதை மட்டும் எடுத்துவிடுங்கோ' என்று பதில் வந்தது. முதல் வரியை எடுத்தேன். கறுப்புக் கரையை எடுத்தேன். கவி இருக்கட்டும் என்றார். அது இன்னும் இருக்கிறது. குத்துவிளக்குப் படத்தை மட்டும் அவர் மாற்றிவிட்டார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஃபோன் எடுக்கச் சுணங்கினால், "கெதியா எடு, அப்பா கரை போடத் தொடங்கியிடுவார்," என்கிறா அம்மா. சண்டிலிப்பாய் முழுக்க அது பரவியதற்கும் அவதான் காரணம்.

அவவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நெல்லியடியால் வந்த அன்று பின்னேரம், கடையின் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தனியே இருந்தேன். கல்வெட்டுகளில் தமிழ்ச் சொற்களை வரி முடிவில் சரியாக மடிக்கிற ஒரு சின்னப் பக்கேஜை நான் நெடுநாளாகப் பாவிக்கிறேன். அதை எழுதியவர் யார் என்று அன்றுதான் முதல்முறை தேடினேன். அவருக்கு எழுதினேன்: 'உங்கள் பக்கேஜ் எங்கள் கடையில் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. மிக்க நன்றி. நீங்கள் சுகமோ?'

இன்னும் பதில் வரவில்லை. நான் ஒரு முடிவுக்கும் வரவில்லை.